எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை

சட்டமன்ற உறுப்பினர் விடுதி,
சென்னை.
ஜூன் 9

அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டேன். பல்கூட விளக்கவில்லை. மணி அடித்தது, எடுத்தார்கள். அம்மாவின் மூச்சு கேட்டது. அந்த இழுப்பு எனக்குத் தெரியாதா? "அம்மா, நான்தான்" என்றேன். பின்னால் உன் வீட்டுக் கோழி கத்தியது. அம்மா பேசவில்லை. வைத்துவிட்டாள். பிறகு உனக்குப் போட்டேன், அண்ணிக்குப் போட்டேன், தம்பி பெண்டாட்டி திவ்யாவுக்குப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

என் உதவியாளர் சரவணன்தான் விசாரித்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை நான் சபையில் பேசினேன். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடி, என்னோடு யாரும் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறார்களாம். தொகுதிக்குள் ஒரு மனுநாள் விடாமல் போய் உட்கார்கிற எனக்கு, நான் பிறந்த ஊரில் வாய்ப்பூட்டு.

அந்தக் கூட்டத்தில் நீ இருந்தாயா? எழுந்து ஒரு வார்த்தை சொன்னாயா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போன் எடுக்கப் பயப்படுகிறவன் தபாலையாவது பிரிப்பான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மாத்திரை தீர்ந்திருக்கும். திவ்யா எப்படி இருக்கிறாள்? குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா? நலம் விசாரிப்பது என் கடமை, விசாரித்துவிட்டேன்.

உன் தங்கை
சுபஸ்ரீ


காட்டுமேட்டுக் குப்பம்,
பழவேற்காடு வழி.
ஜூன் 17

தங்கச்சி சுபஸ்ரீக்கு ஜெகதீஸ்வரன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு அரசாங்கம் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில். கூட்டத்தில் இருந்தேன். கை தூக்கினேன். ஊரோடு சேர்ந்து தூக்கினேன்.

உன் கடிதம் வந்ததும் அது பேச்சா இல்லையா என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தகராறு. போன் பேச்சுதான் என்று முன்னமே முடிவாகியிருந்தது. கடைசியில் நம் ஊர்த் தலைவர் கங்காதரன் மாமா, "வாயில வர்றதுதான் பேச்சு. கையில வர்றது பேச்சில்ல"னு தீர்த்து வைத்தார். ஆனால் ரகசியம் கூடாது. உன் கடிதத்தை நான் கோயில் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். என் பதிலையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்ட வேண்டும். நீ பல் விளக்காத கதையை ஊரே கேட்டது. சிரித்தார்கள்.

இனி விஷயம். சின்னப் பசங்களும் கேட்கட்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன். முகத்துவாரத்தில் இறால் ஓடும் இடத்தில் எந்த ராத்திரி யார் வலை கட்டுவது என்று சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. அது நம் மூன்று குப்பத்துக்கும் நைனா காலத்துக்கு முன்னாலிருந்து இருக்கிறது. கல்யாணமான ஆம்பளை ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு முறை. வெளியாட்கள் வந்து கேட்டபோதெல்லாம் இதற்குச் சட்டம் இல்லை என்றார்கள். சட்டம் வேண்டும் என்றுதான் உன்னை அனுப்பினோம். எல்லையம்மன் முன்னால் முடிவு பண்ணி, ஊரே ஒரே பட்டனை அமுக்கியது. பாடு முறையைப் பதிவு செய்யும் மசோதா வந்தது. பட்டாசு வெடித்தோம். வெடித்த புகை அடங்குவதற்குள் நீ சபையில் எழுந்து, அதில் பிரிவு ஒன்பது என்று ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறாய். புருஷன் செத்தால் முறை பெண்டாட்டி பேருக்கு. யார் கேட்டார்கள் உன்னை?

வெளியூரிலிருந்து வந்தவள் நாளைக்கு வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு போனால் பாடும் கூடப் போகும். பின்னாலேயே இறால் ஏஜென்ட் வந்து நிற்பான். நாலு விதவையைப் பிடித்தால் ஏரி அவன் கையில்.

அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள். அன்றைக்கே கட்டுப்பாடு நீங்கும். அம்மாவுக்கு மாத்திரை நான் வாங்கிவிட்டேன். உன் காசு வேண்டாம்.

ஜெகதீஸ்வரன்


சென்னை.
ஜூன் 24

அண்ணாவுக்கும், கோயில் முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்கும் எல்லாருக்கும்,

நலம். பல் விளக்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊர் கேட்கிறது என்பதால் ஊருக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். என் தம்பி ரஞ்சித் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தான். உடம்பைத் தேடி எடுத்தவர்கள் நீங்கள்தான். தூக்கி வந்தவர்களும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை. அவன் காரியம் முடிந்த அன்றே அவன் முறையை எடுத்து ஊர்ச் சீட்டில் கலந்தவர்களும் நீங்கள்தான். பிறந்தது மகனாக இருந்திருந்தால், அவன் வளரும்வரை முறையை அப்படியே வைத்திருப்பீர்கள். மகள் என்பதால் வைக்கவில்லை. இன்று திவ்யா இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருக்கிறாள். பாடு வைத்திருந்தவன் பெண்டாட்டி.

ஏஜென்ட் வருவான் என்கிறீர்கள். நான் கொடுத்த வரைவைப் படியுங்கள். முறையை விற்க முடியாது. குத்தகைக்கு விட முடியாது. அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டால் முறை இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குப் போகும், அவளோடு போகாது. படிக்காமலே கை தூக்கியிருக்கிறீர்கள்.

ஆகஸ்டில், மசோதாவை ஆராயும் சட்டமன்றத் தேர்வுக் குழு பழவேற்காடு வருகிறது. நானும் அதில் ஓர் உறுப்பினர். மசோதாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பதிவாகும். எதிர்ப்பு இருந்தால் அங்கே வந்து சொல்லுங்கள். நான் தடுக்க மாட்டேன். எதிர்ப்பு பலமாக இருந்தால் பிரிவு ஒன்பது குழுவிலேயே செத்துவிடும். அதுதான் நடைமுறை.

அண்ணா, திவ்யாவைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருக்க மாட்டாய்.

சுபஸ்ரீ


காட்டுமேட்டுக் குப்பம்.
ஜூலை 8

சுபஸ்ரீக்கு,

சுகம். மழை இல்லை. ஏரித் தண்ணீர் உப்பு ஏறிக் கிடக்கிறது.

உன் கடிதத்தைப் படித்தேன். பொம்பளைகள் பக்கம் சலசலப்பு. கங்காதரன் மாமா ஒரு பார்வை பார்த்தார், அடங்கியது. "படிச்சவ எழுத்துலயே வலை பின்றா பாரு"னு வேணு சொன்னான். "நம்ம வலைய விட நெருக்கமாத்தான் கீது"னு பின்னாலிருந்து எவனோ சொல்ல, வேணு திரும்பி அவனைத் திட்டினான்.

வரைவில் எழுதியிருக்கிறது என்கிறாய். எழுதியதை மாற்ற எவ்வளவு நேரம்? இன்றைக்கு விற்க முடியாது என்பீர்கள், நாளைக்கு இன்னொரு மசோதா கொண்டுவந்து விற்கலாம் என்பீர்கள். உங்கள் சபையை நாங்கள் டிவியில் பார்க்காமலா இருக்கிறோம்?

உன் குழு வரட்டும். ஊரே வரும். ஒரு வீடு பாக்கி இருக்காது.

அம்மா சுகம். "எம்.எல்.ஏ. ஆனா பல்லு வெளக்கத் தேவையில்லனு சட்டம் கீதா"னு கேட்டாள். ஊர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஜெகதீஸ்வரன்


சென்னை.
ஆகஸ்ட் 11

அண்ணா,

உன்னையும் அம்மாவையும் நேரிலேயே பார்த்துவிட்டதால் நலம் விசாரிக்கவில்லை. அம்மா இளைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை நடந்த கூட்டத்தில் எல்லாரும் இருந்தீர்கள். ஆனாலும் என் நாற்காலியிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று ஊர் ஒருமுறை கேட்கட்டும்.

குழுத் தலைவர் ஆதிநாராயணன் ஐயா மேற்கு மாவட்டத்துக்காரர். திருப்பாலைவனம் தாண்டி உப்புக் காற்று அடித்ததிலிருந்து கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குள் நுழைந்து, நாற்காலி போதாமல் தரையிலும் ஜன்னலிலும் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். "பரவாயில்லையே, இவ்வளவு ஆர்வமா!" என்றார். நான் என் காகிதங்களை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். ஊர் மொத்தமும் எழுந்து கத்தப் போகிறது என்று பக்கம் பக்கமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

அதிகாரி பிரிவு ஒன்பதை வாசித்தார். ஆட்சேபணை இருக்கிறவர்கள் சொல்லலாம் என்றார் தலைவர். ஒருவரும் எழவில்லை. "பெரியவரே, நீங்க?" என்று கங்காதரன் மாமாவைக் கேட்டார். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். வேணுவைக் கேட்டார். வேணு என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இருமினான். உன்னைக் கேட்டார். நீ உன் செருப்பைப் பார்த்தாய். "என்னப்பா இது, ஊருக்கே தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் தலைவர். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். உங்களில் ஒருவர் முகமும் அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மேடையில் இருக்கிறேன். என் காது கேட்க வாய் திறந்தால் என்னோடு பேசியதாகும். கட்டுப்பாடு மீறியதாகும். எதிர்ப்பதற்கென்று ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தவர்கள், நீங்கள் போட்ட பூட்டை நீங்களே வாயில் மாட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள்.

முன்வரிசையில் அம்மா. தலைவர் அவளிடம் குனிந்து, "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்தப் பிரிவு வேணுமா, வேண்டாமா?" என்றார். கேட்பது என் தாயிடம் என்று அவருக்குத் தெரியாது. அம்மா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் தூணோரம் திவ்யா நின்றாள். யாருக்காக இவ்வளவும் செய்கிறேனோ அவளும் வாய் திறக்கவில்லை.

நேற்று அறிக்கையின் வரைவு வந்தது. அதில் உள்ள வரியை அப்படியே எழுதுகிறேன்: "கூட்டத்திற்குத் திரளாக வந்திருந்த மீனவ மக்கள், பிரிவு 9 குறித்து எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை." பிரிவைச் சேர்க்கக் குழு பரிந்துரைத்துவிட்டது.

ஏன் பேசவில்லை என்று தலைவரிடம் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் கட்டுப்பாட்டை மதித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுபஸ்ரீ


காட்டுமேட்டுக் குப்பம்.
ஆகஸ்ட் 19

அடிப்பாவி,

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஊர் சொன்னது. எனக்கும் வேறு வார்த்தை தோன்றவில்லை.

நாங்கள் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, எங்கள் மௌனத்தைச் சம்மதம் என்று எழுத விட்டாய். "அந்த ஒரு மணி நேரம் கட்ட அவுத்து வச்சிட்டுப் போயிருக்கலாம்ல"னு வேணு இப்போது கேட்கிறான். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த"னு கங்காதரன் மாமா அவன் மேல் பாய்ந்தார். ஊரில் சண்டை. ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி. அதுவும் உன்னால்தான்.

மூன்று குப்பமும் சேர்ந்து அமைச்சரைப் பார்க்கப் போகிறோம். நீ இல்லாத இடத்தில் எங்களுக்கு நன்றாகப் பேச வரும். அடுத்த தேர்தலில் இந்த ஏரிக்கரையில் ஒரு விரல்கூட உன் பட்டன் மேல் படாது என்று சொல்வோம். அவருக்கு அது புரியும்.

கடைசியாக ஒன்று. இது ஊர் சொல்லிக் கொடுத்ததில்லை, நான் சொல்கிறேன். ரஞ்சித் கரையில் கிடந்தபோது நீ டிவிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாய். இன்றைக்கும் அவனை வைத்துத்தான் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

ஜெகதீஸ்வரன்


சென்னை.
ஆகஸ்ட் 26

அண்ணா,

நலம். நீ எழுதியதைப் படித்த பிறகும் நலம்.

அன்று டிவிக்காரரிடம் பேசியது கடலோரக் காவல் படகு வரவில்லை என்பதற்காக. பேசிய பிறகுதான் அது வந்தது. அது உனக்கும் தெரியும். தெரிந்ததை ஊர் முன்னால் திரித்துப் படிக்கும் பழக்கம் உனக்கும் வந்துவிட்டது.

சரி, ரஞ்சித்தை விட்டுவிடுவோம். உன்னைப் பற்றிப் பேசுவோம்.

உனக்கு இரண்டும் பெண். மகன் இல்லை. நீ போனால், காரியம் முடிந்த அன்றே உன் முறையும் ஊர்ச் சீட்டில் கலந்துவிடும். கலப்பதற்கு இதே வேணு கை தூக்குவான், இதே கங்காதரன் மாமா துண்டால் முகத்தைத் துடைப்பார். அண்ணி அதன் பிறகும் நெடுநாள் இருப்பார். எங்கே இருப்பார் தெரியுமா? திவ்யாவுக்குப் பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், குனிந்தபடி. அதற்குத்தான் நீ கை தூக்கியிருக்கிறாய். உன் பெண்டாட்டியைத் தண்ணீரில் இறக்க நீயே கை தூக்கிய ஆள்.

இந்த வரிகளை விட்டுவிடாமல் படி. உரக்கப் படி. அண்ணி எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவர் காதில் விழ வேண்டும்.

சுபஸ்ரீ


சென்னை.
செப்டம்பர் 23

அண்ணா,

உன் பதில் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. போன கடிதம் கிடைத்ததா? தபாலில் தொலைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது.

நேற்று கட்சிக் கொறடா கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

அம்மாவின் மூச்சிரைப்பைப் பற்றி ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சுபஸ்ரீ


ஆரம்பாக்கம்.
செப்டம்பர் 29

சுபஸ்ரீ அண்ணிக்கு திவ்யா எழுதுறது.

நானும் பாப்பாவும் நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களானு தெரியல. எங்க அம்மா வீட்டுக்கு வந்தேன், இங்க இருந்து எழுதிப் போடுறேன். இது கோயில்ல படிக்காத கடிதாசு. பதில் போட்டுடாதீங்க.

உங்க கடிதாசு உங்க அண்ணனுக்குக் கிடைச்சுது. படிச்சாரு. அந்த வரி வந்ததும் நிறுத்திடுவாருனு எல்லாரும் நெனச்சோம். நிறுத்தல. குரல்கூட மாறல. ஒரு எழுத்து விடாம படிச்சு முடிச்சு, மடிச்சு சட்டைப் பையில வச்சிக்கினாரு. உங்க அண்ணி எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க. அன்னையில இருந்து ரெண்டு பேரும் பேசிக்கல. சோத்தத் தட்டுல போட்டு நகத்தி வச்சிட்டுப் போயிடுறாங்க. உங்களுக்குப் போட்ட கட்டு அந்த வீட்டுக்குள்ள பூந்துடுச்சு.

அத்தை நல்லா கீறாங்க. மூச்சு எரப்பு அப்படியேதான். அன்னைக்குக் கூட்டத்துல ஃபேனப் பாத்துகினு இருந்தது அழுக வந்துடும்னு இல்ல. அப்படி இருக்கும்னு நீங்க நெனச்சிக்குவீங்க, அதான் சொல்றேன். கோவம். நெஜமாவே கோவம்.

எனக்கு பாடு வேணாம்னு என்னை எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். அமைச்சர்கிட்ட அதத்தான் காட்டுனாங்க. உங்களுக்குக் கோவம் வரும். வரட்டும். நீங்க சபையில பேசுன நாள்ல இருந்து ஏலத்துல என் கூடைய யாரும் கேக்கறதில்ல. சாயங்காலம் வரைக்கும் வச்சிகினு இருந்துட்டு, கெட்டுப் போறதுக்குள்ள அடுத்த ஊர்ல கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு வர்றேன். நீங்க வாங்கித் தரப் போற மொறை வர்றதுக்குள்ள, இருந்த கூடையும் போச்சு.

அமைச்சருக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியும், பேப்பர்க்காரனுக்குத் தெரியும் என் கத. ஒரு தபா, ஒரே ஒரு தபா, எனக்குப் போன் போட்டு "திவ்யா, உனக்கு இது வேணுமா"னு கேட்டீங்களா? கட்டுப்பாடு அப்புறம்தான வந்துச்சு? அதுக்கு முன்னாடி எல்லாரும் பேசிகினுதான இருந்தோம்? உங்க தம்பி செத்த அன்னைக்கு ஊர் என்னைக் கேக்கல. நீங்களும் கேக்கல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கேட்டிருந்தா வேணும்னுதான் சொல்லியிருப்பேன். அவரு வலை கட்டுன எடத்துல என் பேரு இருக்கட்டும்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கல.

இனிமே என் பேர எங்கயும் சொல்லாதீங்க.

திவ்யா


காட்டுமேட்டுக் குப்பம்.
அக்டோபர் 6

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, ஊரார் சார்பில் ஜெகதீஸ்வரன் எழுதிக்கொள்வது.

தாங்கள் நலமாக இருப்பீர்கள். தங்கள் தாயார் கஸ்தூரியம்மாள் நலம். மூச்சிரைப்பு மட்டுப்பட்டிருக்கிறது.

அமைச்சர் அவர்களைச் சந்தித்தோம். நாங்கள் சொன்னதை உட்கார வைத்துக் கேட்டார். மசோதா பதினாலாம் தேதி சபைக்கு வருகிறது என்றும், பிரிவு ஒன்பதை நீக்கும் திருத்தத்தைத் தாங்களே முன்மொழிய ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றும் கொறடா மூலம் தெரிவித்தார்கள். தாங்கள் இதை எங்களுக்கு எழுதவில்லை. பரவாயில்லை.

ஊர் முடிவு இது. பதினாலாம் தேதி அந்தப் பிரிவு நீங்கியதாகச் செய்தி வந்ததும், அன்று சாயங்காலமே கட்டுப்பாடு நீங்கும். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தாங்கள் வந்து எல்லையம்மன் முன்னால் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ஊரை வணங்க வேண்டும். அதன் பிறகு யாரும் யாரையும் ஒரு சொல் குத்திப் பேசக் கூடாது என்றும் தீர்மானமாகியிருக்கிறது. தாயார் அன்று தங்களுக்குச் சமைப்பார்கள்.

இப்படிக்கு,
ஊராருக்காக,
ஜெகதீஸ்வரன்

படித்துக் காட்டிய பிறகு எழுதுவது: மேலே உள்ளது ஊர் சொன்னது. என் பங்குக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, நேற்றுதான் உன் அண்ணி என்னோடு வாய் திறந்து பேசினாள். பதினாலாம் தேதி சபையை டிவியில் காட்டுவார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.


சென்னை.
அக்டோபர் 14, காலை

அண்ணா,

நலம். அம்மாவின் மூச்சிரைப்பு மட்டுப்பட்டது என்று எழுதியதற்கு நன்றி. மாண்புமிகு வேண்டாம். அடிப்பாவி பரவாயில்லை.

குளித்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்று மசோதா வருகிறது. போகும் வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் சபைக்குள் நுழைவேன். உன் கைக்கு இது வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் இதில் எழுத முடிகிறது. சரவணனிடம்கூடச் சொல்லவில்லை.

திருத்தத்தில் கையெழுத்துப் போட்டது உண்மை. கொறடாவின் அறையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த பேனாவால் போட்டேன். அம்மா கைச் சோற்றை நினைத்துக்கொண்டு போட்டேன் என்று எழுதினால் ஊர் இரக்கப்படும். வேண்டாம். மறுபடி தேர்தலில் நிற்க இடம் கிடைக்காது என்று பயந்தும் போட்டேன்.

அமைச்சர் ஏன் தன் பெயரிலேயே அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரவில்லை என்று கங்காதரன் மாமா யோசித்தாரா? விதவைகளின் முறையைப் பறித்தது அமைச்சர் என்று நாளைக்குச் செய்தி வரக் கூடாது. ஏரிக்கரையில் பிறந்தவளே வேண்டாம் என்றாள் என்று வர வேண்டும். அதற்கு என் பெயர் வேண்டும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுத மாட்டேன். அவரவருக்குத் தெரியும்.

சபை நடைமுறையைச் சொல்கிறேன், சின்னப் பசங்களும் கேட்கட்டும். ஒவ்வொரு பிரிவாக எடுப்பார்கள். ஒன்பது வந்ததும், திருத்தம் கொடுத்த உறுப்பினரின் பெயரைச் சபாநாயகர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த உறுப்பினர் எழுந்து, "முன்மொழிகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்து மட்டும் போதாது. வாயில் வருவதுதான் பேச்சு, கையில் வருவது பேச்சில்லை என்று கங்காதரன் மாமா தீர்ப்புச் சொன்னாரே, சபையிலும் அதே தீர்ப்புதான். அந்த ஒரு வார்த்தை வராவிட்டால் திருத்தம் வெறும் காகிதம். குழு சேர்த்த பிரிவு அப்படியே நிற்கும், மசோதாவோடு சேர்ந்து நிறைவேறும். எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று குறிப்பு எழுதுவார்கள்.

அதன் பிறகு கட்சி என்னை வைத்துக்கொள்ளாது. உங்கள் கட்டுப்பாடும் நீங்காது. வெள்ளிக்கிழமை தட்டு வாங்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடு. கோபமாகவே இருக்கட்டும். எனக்கும் அந்த ஊர் மேல் தீரவில்லை.

சபை நடவடிக்கையை டிவியில் காட்டுவார்கள். யாராவது கேட்டால் சொல்.

சபாநாயகர் என் பெயரைக் கூப்பிடுவார். கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை கூப்பிடுவார். கொறடா திரும்பிப் பார்ப்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் முழங்கையால் இடிப்பார்கள். நான் எழுந்திருக்கப் போவதில்லை. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அம்மா அன்று உட்கார்ந்திருந்த மாதிரி.

சுபஸ்ரீ